நொதியும் புற்றும்: சொல்வழி ஒரு பார்வை



மொழியியலை வாழ்நாள் பணியாகக் கொண்ட நாம் புற்றுநோயைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மருத்துவம் கூறுவது நம் நோக்கமன்று. அதற்கு உரியவர்கள் மருத்துவர்கள். மருத்துவர் கூறுவதை நோயாளி தம் மொழியில் விளங்கிக்கொள்ள என்ன தேவை என்பதே நம் பொருள். அப்பொருளை நம்முன் வைத்தவர் ஒரு முதியவர்.

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் மருத்துவ அறிக்கை ஒன்றை நம்மிடம் கொண்டுவந்தார். முதலில் பெருங்குடலில் மட்டும் கட்டி இருப்பதாகக் கூறி, அறுவைக்கு நாளும் குறித்திருந்தார்கள். அவரோ அந்நாளைத் தள்ளிப்போட்டு, யாரோ ஒருவர் விற்ற 'என்சிம்' நீரை நான்கு மாதம் பருகினார். பின்னர் மருத்துவமனைக்குச் சென்றபோது, நோய் கல்லீரலை எட்டிவிட்டது என்றார்கள். "மெரெபாக் என்று டாக்டர் சொன்னார். மெரெபாக் என்றால் தீ பரவுவதுதானே, தம்பி? உடம்புக்குள் அது எப்படிப் பரவும்?" என்று அவர் கேட்டார். தமிழில் முனைவர் பட்டம் பெற்ற நம்மிடம் அவ்வினாவுக்கு அன்று விடை இல்லை. அவர் இன்று நம்மிடையே இல்லை. அந்நான்கு மாதம் வீணாகாதிருந்தால் முடிவு வேறாகியிருக்குமா என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாது. எனினும் அந்த மாதங்களை அவரிடமிருந்து பறித்தது ஒரு சொல் என்பதை நாம் அறிவோம். அச்சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

1. சொல்லின் வரலாறு

'என்சைம்' என்ற சொல்லை 1877ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் ஜெர்மானிய உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே. 'புளிமாவின் உள்ளே இருப்பது' என்பது அக்கிரேக்க ஆக்கத்தின் பொருள். மலாய்மொழி அதனை 'என்சிம்' என்று ஏற்றுக்கொண்டது. தமிழ் அவ்வாறு கடன் பெறாமல், பொருளைப் பற்றிக்கொண்டு புதுச்சொல் ஆக்கியது. மாவு புளித்துப் பொங்குவது நொதித்தல். அதை நிகழ்த்துவது நொதி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'நொதி' என்றும், இலங்கைப் பாடநூல்கள் 'நொதியம்' என்றும் வழங்குகின்றன. முதல்நாள் அரைத்த தோசைமாவு மறுநாள் காலையில் பொங்கி நிற்பதையும், தென்னங்கள் கலயத்தில் நுரைப்பதையும் கண்ட மக்களுக்கு இதனினும் விளக்கமான பெயர் கிடைப்பது அரிது.

நொதித்தலுக்கு உயிருள்ள நுண்ணுயிர் தேவை என்றே நெடுங்காலம் கருதினர். 1897இல் எடுவார்டு பூக்னர், ஈஸ்ட்டு அணுக்களை அரைத்துப் பிழிந்த சாறு மட்டுமே சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். உயிரணு உடைந்தபின்னும் அதனுள்ளிருந்த பொருள் வேலை செய்தது. 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1926இல் ஜேம்ஸ் சம்னர் ஒரு நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது புரதம் என்று நிறுவினார். ஆக, உயிரணுவில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதமே நொதி. தான் செலவாகாமல் ஒரே வேலையை மீண்டும் மீண்டும் செய்வது அதன் இயல்பு.

2. அன்னாசி கற்பிக்கும் பாடம்

நொதியின் மற்றோர் இயல்பை விளக்க நம் ஜொகூர் மண்ணே சான்று தருகிறது. பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸ், பெயரிலேயே அன்னாசியைத் தாங்கிய ஊர். நம் 'அன்னாசி', மலாயின் 'நானாஸ்' இரண்டும் தென்னமெரிக்கப் பழங்குடியினர் வழங்கிய ஒரே சொல்லின் கிளைகள். போர்த்துக்கீசியர் வழியாகக் கீழைநாடுகளை அடைந்தவை. பழுக்காத அன்னாசியை மிகுதியாக உண்டால் நாக்கு எரிகிறது. அப்பழத்திலுள்ள புரோமெலைன் என்னும் நொதி புரதத்தை வெட்டுவதும் அதற்கு ஒரு காரணம். ஆட்டிறைச்சி விரைவில் வேக நம் தாய்மார் பப்பாளிக்காய்த் துண்டைச் சேர்ப்பதும் இதே இயலைச் சார்ந்தது. அங்கே வேலை செய்வது பப்பாயின்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் எளிதாகச் செய்துகாட்டத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதற்கிண்ணத்தில் ஜெலட்டின் கரைசலோடு பச்சை அன்னாசியையும், இரண்டாவதில் ஜெலட்டினோடு டின்னில் அடைத்த அன்னாசியையும், மூன்றாவதில் அகார்-அகாரோடு பச்சை அன்னாசியையும் இட்டுக் குளிரவையுங்கள். முதற்கிண்ணம் உறையாது, மற்ற இரண்டும் உறையும். ஜெலட்டின் விலங்குகளின் இணைப்புத்திசுவிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்திலிருந்து கிடைப்பது. புரோமெலைன் அதனை வெட்டிவிடுகிறது. டின்னில் அடைக்கும்போது பழம் சூடேற்றப்படுவதால் நொதி தன் வடிவத்தை இழந்து செயலற்றுப்போகிறது. அகார்-அகாரோ கடற்பாசியிலிருந்து வரும் மாவுச்சத்து இனப் பொருள்; புரதம் வெட்டும் நொதிக்கு அதன்மீது அதிகாரம் இல்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. நொதியின் செயல் அதன் வடிவத்தில் இருக்கிறது. வடிவம் குலைந்தால் செயலும் போகும். ஒவ்வொரு நொதிக்கும் தனக்குரிய பொருள் உண்டு. பூட்டும் சாவியும் போல இவை பொருந்துகின்றன என்று 1894இல் எமில் ஃபிஷர் உவமித்தார். இவ்விரண்டையும் மனத்தில் கொண்டால் புற்றுநோய் பரவும் வழியும், அதற்குரிய பல மருந்துகளின் செயலும் விளங்கும்.

3. பரவலும் ஊடுருவலும்

தீயும் பரவும், செய்தியும் பரவும், நோயும் பரவும். மலாயின் 'மெரெபாக்' என்பதும் அவ்வாறே. இச்சொற்களில் விளைவு தெரிகிறது, வழி தெரிவதில்லை. புற்றுநோய் பரவுவது பல படிகளைக் கொண்ட பயணம். அதன் முதற்படிக்குத் தமிழில் 'ஊடுருவல்' என்ற அழகிய சொல் உண்டு. ஊடு என்றால் இடை. உருவுதல் என்றால் துளைத்துச் செல்லுதல். இடையிலுள்ள ஒன்றைத் துளைத்துச் செல்வதே ஊடுருவல்.

துளைக்கப்படுவது எது? நம் தோல், குடல், மார்பகம் போன்ற உறுப்புகளின் மேலணுக்கள் மெல்லிய ஒரு படலத்தின்மேல் அமர்ந்துள்ளன. அடித்தளப் படலம் எனப்படும் அது, கொலாஜன் இழைகளால் பின்னப்பட்ட வேலி. கட்டி அவ்வேலிக்குள் நிற்கும்வரை அறுத்தெடுப்பது பெரும்பாலும் எளிது. வேலியைத் துளைத்த அணுக்கள் குருதிநாளத்தினுள்ளோ நிணநீர் நாளத்தினுள்ளோ நுழைந்து, வேறோர் உறுப்பில் இறங்கி, அங்கே புதுக்கட்டியாக வளர்வதே இடம்பெயர்பரவல். புற்றுநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவை இப்பரவலின் விளைவே.

வேலியை வெட்டும் கருவி நொதி. அதனை முதலில் காட்டியது தவளையின் வாழ்வு. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் குரோஸ், சார்ல்ஸ் லாப்பியேர் இருவரும், கொலாஜனை வெட்டும் நொதி ஒன்று அவ்வாலைக் கரைப்பதை 1962இல் வெளியிட்டனர். இன்று மனித உடலில் அக்குடும்பத்தைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட நொதிகள் அறியப்பட்டுள்ளன. செயற்படத் துத்தநாகம் என்னும் உலோகத்தைத் தாங்கியிருப்பதாலும், அணுக்களுக்கு இடையிலுள்ள பின்னலை வெட்டுவதாலும், இவற்றைப் பின்னல்வெட்டு உலோகநொதிகள் எனலாம். 1980இல் லான்ஸ் லியோட்டாவும் அவர் குழுவினரும், அடித்தளப் படலத்துக் கொலாஜனை வெட்டும் ஆற்றலுக்கும், புற்று அணுக்கள் பரவும் திறனுக்கும் தொடர்பு இருப்பதை எலிக்கட்டிகளில் காட்டினர்.

இந்நொதிகள் நம் பகைகள் அல்ல. காயம் ஆறும்போது பழுதுபட்ட திசுவை அகற்றுபவை இவை. கருவில் உறுப்புகள் உருவெடுக்க இடம் அமைப்பவையும் இவை. புற்று அணுக்கள் பலவேளைகளில் இவற்றைத் தாமே ஆக்குவதுகூட இல்லை. அண்டையிலுள்ள நல்ல அணுக்களைத் தூண்டி ஆக்கச்செய்கின்றன. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை என்று நம் முன்னோர் கூறுவர். உழைத்தது ஒன்று, வாழ வந்தது மற்றொன்று. நோய்க்குப் புற்று என்று பெயரிட்ட தமிழில், அந்நோயின் வழியை விளக்கும் பழமொழியும் ஆயத்தமாக இருந்தது.

சென்ற அணுவெல்லாம் முளைப்பதுமில்லை. விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்று 1889இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில மருத்துவர் எழுதினார். மார்பகப் புற்று சில உறுப்புகளையே மிகுதியாக நாடுவதைக் கண்டு அவர் கூறிய அவ்வுவமை இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு வழிகாட்டுகிறது.

4. தோற்ற மருந்துகளின் பாடம்

வேலியை வெட்டும் கத்தி இதுவென்றால், கத்தியை மழுக்கினால் பரவல் நிற்கும் அன்றோ? 1990களில் மருத்துவ உலகம் அவ்வாறே எண்ணியது. பாட்டிமாஸ்டாட், மாரிமாஸ்டாட், டானோமாஸ்டாட் என மருந்துகள் தோன்றின. விலங்குகளில் நல்ல பலன் தெரிந்தது. மனிதர்களிடம் நம்பிக்கை பொய்த்தது. மாரிமாஸ்டாட் உட்கொண்டோர் பலருக்கு மூட்டுகளில் வலியும் இறுக்கமும் உண்டாயின. டானோமாஸ்டாட் பெற்ற நுரையீரல் புற்றுநோயாளர் ஒரு பிரிவினரின் நிலை, மருந்து பெறாதவரினும் தாழ்ந்ததால், 1999இல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது.

காரணங்கள் பின்னர் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. நோய் முற்றிப் பரவிய பின்னரே பெரும்பாலான ஆய்வுகளில் மருந்து தரப்பட்டது. வேலி அதற்கு முன்பே வெட்டப்பட்டுவிட்டது. மருந்துகள் குடும்பத்தின் ஒரு நொதியைத் தேர்ந்து தடுக்காமல் பலவற்றையும் சேர்த்துத் தடுத்தன. அக்குடும்பத்தில் நமக்குக் காவலாக நிற்பவையும் உள்ளன. எட்டாம் எண் நொதி இல்லாத ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் மிகுந்தன என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் அறிவித்தனர். அறிவியல் தோல்வியை மறைக்காமல் எழுதிவைத்ததனால்தான் இவ்வறிவு கிடைத்தது. மாணவர்கள் இதனை மறத்தலாகாது.

5. விகுதிகள் கூறும் மருத்துவம்

இனி நம் துறைக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். மருந்துப் பெயர்கள் பொருளற்ற ஒலிக்கூட்டம்போல் தோன்றும். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 1950களிலிருந்து வழங்கும் பொதுப்பெயர்களுக்கு இலக்கணம் உண்டு. விகுதியே மருந்தின் இனத்தைக் கூறிவிடும். மேலே கண்ட 'மாஸ்டாட்' அத்தகைய விகுதிதான். நொதிகளின் பெயரிலும் 'ஏஸ்' என்ற ஈறு பயில்கிறது. பெப்சின், பப்பாயின் போன்ற பழம்பெயர்கள் விதிவிலக்கு.

'ஏஸ்' ஈற்றில் தொடங்குவோம். அஸ்பராஜினேஸ் என்பது நொதியே மருந்தாகியது. கினிப்பன்றியின் குருதிநீர் எலிகளின் ஒருவகைப் புற்றைக் கரைப்பதை 1953இல் ஜான் கிட் கண்டார். அதற்குக் காரணம் இந்நொதியே என்பதை 1961இல் ஜான் புரூம் விளக்கினார். நல்ல அணுக்கள் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே ஆக்கிக்கொள்ளும். குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் ஒருவகை இரத்தப் புற்றின் அணுக்களோ அதனைப் போதிய அளவு ஆக்கமாட்டா, குருதியிலிருந்து பெறவேண்டும். நொதி குருதியிலுள்ள அதனை அழித்துவிட, அவை பட்டினியால் மடிகின்றன. அஸ்பராஜின் என்ற பெயர், நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனமாகிய அஸ்பராகஸ் செடியிலிருந்து வந்தது.

அடுத்தது 'ட்ரெக்சேட்'. இதன் வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லப்பிரகத சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதராடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப்பட்டத்தினும் தாழ்ந்த தகுதியே பெற்றார் என்பர். அமெரிக்கா சென்று, லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைப் போன்ற போலிப்பொருள்களை உருவாக்கும் பணியை அவர் வழிநடத்தினார். ஃபோலியம் என்றால் இலத்தீனில் இலை. கீரையிலிருந்து பிரித்ததால் வந்த பெயர். அப்போலிகளுள் ஒன்றாகிய அமினாப்டெரினைப் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்ற அறிக்கை 1948 ஜூனில் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அவ்வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட், உயிரணு தன் மரபுப்பொருளைப் படியெடுக்க உதவும் ஒரு நொதியின் பூட்டில் போலிச்சாவியாக நுழைந்து அதனை அடைத்துவிடுகிறது. இம்மருந்தை மூட்டுநோய்க்கும் சிறிய அளவில் தருவர். அப்போது வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளவேண்டும். 'வாரந்தோறும்' என்பதை 'நாள்தோறும்' என்று பிறழ உணர்ந்தால் உயிருக்கே தீங்காகும். மொழியறிவு உயிர்காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவது 'டினிப்'. நாட்பட்ட ஒருவகை இரத்தப் புற்றில், இரண்டு மரபணுக்கள் முறைதவறி ஒட்டிக்கொள்வதால், ஓயாமல் 'வளர்க' என்று ஆணையிடும் கைனேஸ் நொதி பிறக்கிறது. இமாட்டினிப் அந்நொதியை அடக்குகிறது. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, உயிர்கொல்லி நோயைப் பலருக்கு நீரிழிவுபோல் கட்டுப்படுத்தி வாழத்தக்கதாக்கியது. இதற்கான காப்புரிமை வழக்கும் சென்னையில்தான் தொடங்கியது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. வழக்கு பல படிகளைக் கடந்து, 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை உறுதிசெய்தது. நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விற்றபோது, உள்நாட்டுப் பொதுப்பெயர் மருந்து 10,000 ரூபாய் அளவில் கிடைத்தது. வறியவர்க்கு அவ்வேறுபாடு வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்டது.

நான்காவது 'ட்ரோசோல்'. அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல் என்ற மாத்திரைகளை நம் தாய்மாரும் தமக்கையரும் மார்பகப் புற்றுக்குப்பின் ஆண்டுக்கணக்கில் உட்கொள்வதை நீங்கள் கண்டிருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனை ஆக்குகிறது. சிலவகை மார்பகப் புற்று அதனை உண்டு வளர்கிறது. மாத்திரை அந்நொதியைத் தடுக்கிறது. கட்டிதான் போய்விட்டதே, மாத்திரை எதற்கு என்று எண்ணி இடையில் நிறுத்துவோர் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் எங்கேனும் தங்கியிருக்கக்கூடிய விதைக்கு நீர் பாயாமல் தடுப்பதே அதன் வேலை என்று தாய்மொழியில் எடுத்துச் சொன்னால், நிறுத்தமாட்டார்கள்.

6. புட்டியில் விற்கும் சொல்

இப்போது அம்முதியவர் பருகிய நீருக்குத் திரும்புவோம். அதனை விற்றவர் கூறியது, பழநொதிகள் புற்றுக்கட்டியைக் கரைக்கும் என்பது. அன்னாசி ஆய்வைச் செய்து பார்த்த மாணவர் எவரும் அதற்கு மறுமொழி கூறலாம். நொதி புரதம், உண்ட புரதத்தின் பெரும்பகுதியை வயிறும் குடலும் துண்டாக்கிவிடும். ஒவ்வொரு நொதிக்கும் தனக்குரிய பொருள் உண்டு. கட்டியைத் தேடிச்சென்று வெட்டும் அறிவு அன்னாசிச் சாற்றுக்கு இல்லை. உடலிலேயே வெட்டும் நொதிகளைப் பயன்படுத்திக்கொண்டுதான் புற்று பரவுகிறது என்பதையும் கண்டோம். நொதி என்ற பெயரே நலம் தந்துவிடாது. எந்த நொதி, எங்கே, எப்பொருளின்மேல் என்பதே வினா. நொதிநீர் எதுவும் புற்றைக் குணப்படுத்தியதாக நிறுவப்படவில்லை.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், புற்றுநோயைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. ஆயினும் விற்பவர் வீட்டுவாசலுக்கே வந்து, நாம் அறியாத சொல்லைச் சொல்லும்போது, சட்டம் உடன் நிற்பதில்லை. உடன் நிற்கக்கூடியது நம் பிள்ளைகளின் அறிவு ஒன்றே.

ஆசிரியப் பெருமக்களே, நம் மாணவர் படிவம் நான்கின் உயிரியலில் 'என்சிம்' பற்றி மலாயில் படிக்கின்றனர். நன்றாகவே தேர்வு எழுதுகின்றனர். அவ்வறிவு வீட்டில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் எட்டவேண்டுமானால், அது தமிழைக் கடந்தே செல்லவேண்டும். நொதி, ஊடுருவல், அடித்தளப் படலம், நொதித்தடுப்பான் என்ற சொற்களைத் தமிழ்மொழிக் கழகக் கூட்டங்களில் ஒருமுறை பேசவையுங்கள். மருத்துவ அறிக்கை ஒன்றை மலாயிலிருந்து தமிழில் பாட்டிக்கு விளக்குவதைப் பயிற்சியாகக் கொடுங்கள். விளக்க இயலாத இடத்தில் மருத்துவரிடம் கேட்கவேண்டிய வினாவை எழுதச்சொல்லுங்கள். அதுவும் சிறந்த மொழிப்பயிற்சியே.

அம்முதியவர் கேட்ட வினாவுக்கு இன்று விடை கூறுவதாயின் இவ்வாறு கூறுவோம்: "பெரியப்பா, இது தீப்போலப் பரவவில்லை. உடம்புக்குள் ஒரு வேலி இருக்கிறது. காயத்தை ஆற்றுவதற்கு உடம்பு வைத்திருக்கும் கத்தியை எடுத்து, நோய் அந்த வேலியை வெட்டுகிறது. வெட்டிய வழியாக இரத்தத்தில் இறங்கி வேறு இடத்தில் முளைக்கிறது. வேலி வெட்டுப்படுவதற்குமுன் கட்டியை எடுத்துவிடத்தான் டாக்டர் நாள் குறித்திருக்கிறார். அந்த நாளைத் தள்ளிப்போடவேண்டாம்."

இவ்வளவே. இதில் அரிய சொல் ஒன்றும் இல்லை. உரிய காலத்தில் அதனைக் கூற நம்மிடம் அறிவு இல்லாமற்போயிற்று. உங்களுக்கு அக்குறை நேராதிருக்கட்டும்.